காரணம் கடலில், விளைவு கரையில்

பைக்காராவில் எங்கள் படிப்பகத்துக்கு மாலையில் வரும் பிள்ளைகளில் ஒருத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் தேர்வுத்தாளோடு வந்தாள். 'சுனாமி ஏற்படுவதற்கான காரணங்களையும் அதன் விளைவுகளையும் எழுதுக.' ஐந்து மதிப்பெண் கேள்வி. கடலடி நிலநடுக்கம், எரிமலை, நிலச்சரிவு என்று காரணங்களைச் சரியாக எழுதியிருக்கிறாள். உயிரிழப்பு, வீடிழப்பு, விளைநிலம் உப்பாதல், தொற்றுநோய் என்று விளைவுகளையும் எழுதியிருக்கிறாள். கடைசியாகச் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "நிவாரணம் கொடுத்ததில் சாதி பார்த்தார்கள், பிணம் எடுக்க மட்டும் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள்." அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'பாடத்தில் இல்லாதது' என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள்.

"அண்ணா, தப்பா எழுதிட்டேனா?" என்றாள்.

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் தோழர்களே, உங்களுக்கும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதில்.

முதலில் காரணம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.28 மணி. சுமத்ரா தீவுக்கு அப்பால், இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கும் இடத்தில், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் ஒரே மூச்சில் அவிழ்ந்தது. 1200 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கடலடி கிழிந்தது. நில நடுக்கத்தின் அளவு 9.1. கடல்தரை சில மீட்டர் எழும்பியதும் அதன் மேல் நின்ற மொத்தத் தண்ணீரும் சேர்ந்து எழும்பியது. ஆழ்கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், ஆனால் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. படகில் போகிறவருக்குத் தெரியாது. கரைக்கு அருகே ஆழம் குறையக் குறைய வேகம் குறையும், உயரம் கூடும். நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். பசிபிக் கடலில் 1949 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. ஐதராபாத்தில் மையம் திறக்கப்பட்டது 2007 அக்டோபரில். பதினான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் செத்த பிறகு. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8000 பேர், அதில் 6000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். ஆக, காரணத்தின் பட்டியலிலேயே முதல் ஓட்டை இது. கடல் பொங்கியது இயற்கை. இரண்டு மணி நேரம் கையில் இருந்தும் ஒரு ஒலிபெருக்கிகூட முழங்கவில்லை என்பதை இயற்கையின் கணக்கில் எழுத முடியாது.

காரணம் பற்றிப் பேசும்போது இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் நம் ஆட்களே சிலர் சறுக்கி விழுகிறார்கள். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். அடுத்த சில நாளில் நம் குன்னூருக்கு வந்து தங்கினார். தாகூர் உடனே மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு இப்படிக் காரணம் கற்பிப்பது அறிவுக்குப் பொருந்தாது என்று எழுதினார். காந்தி பின்வாங்கவில்லை.

கேட்பதற்கு நமக்குச் சாதகமான பேச்சுபோலத் தெரியும். தீண்டாமைக்குத் தண்டனையாம்! ஆனால் பீகாரில் இடிந்த மண்சுவர்களுக்குள் தீண்டத்தகாதவர்களும்தானே செத்தார்கள்? அவர்கள் எந்தப் பாவத்துக்குத் தண்டனை வாங்கினார்கள்? சரியாக இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டுத்தான், 2004இல் காஞ்சி மடாதிபதி கைதானதால் வந்த தெய்வக் குற்றம் சுனாமி என்று பேசினார்கள். கடவுளின் கையில் பிரம்பைக் கொடுத்துவிட்டால், யாரை அடிப்பார் என்பதை அவரவர் சாதிதான் முடிவு செய்யும். ஆகவே பாப்பா, சாதி நிலத்தட்டை அசைக்காது. சாதியின் வேலை தண்ணீர் வடிந்த பிறகு தொடங்குகிறது.

தண்ணீர் வடிந்த பிறகு என்ன நடந்தது?

இவள் அந்த வரியை எங்கிருந்து எடுத்தாள் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் லைனில் மகள் வீட்டோடு இருக்கும் ஒரு பெரியவர், சமவெளியில் ஒரு நகராட்சியில் தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் அதையும் இதையும் சொல்லிக்கொண்டிருப்பார். நாகப்பட்டினக் கதையை மட்டும் கேட்டால்தான் சொல்வார். "ராத்திரி வண்டியில ஏத்துனாங்க கண்ணு. மூணு நாள் வேலைன்னாங்க. என்ன வேலைன்னு சொல்லல. சொல்ல வேண்டியதில்லையே, எங்கள ஏத்துனா என்ன வேலைன்னு எங்களுக்குத் தெரியாதா?" போய் இறங்கியபோது பிணங்கள் ஊதியிருந்தன. கையுறை எல்லோருக்கும் வரவில்லை. முகத்தில் கட்டிக்கொள்ளத் துண்டு. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் பட்டுக் கை வெந்துபோனது. வந்த பிறகு பல நாள் சோற்றில் கை வைக்க முடியவில்லை என்பார். ஒருமுறை இவள் கேட்டாள், "தாத்தா, வேற யாரும் வரலையா?" அவர் சிரித்தார். "வந்தாங்க. மூக்கப் பொத்திக்கிட்டு எங்க எடுக்கணும்னு கை காட்டுனாங்க."

அது ஒரு பெரியவரின் தனிக்கதை மட்டும் இல்லை. பல நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் நாகைக்குக் கொண்டுவரப்பட்டார்கள், பாதுகாப்புச் சாதனம் போதாமல் வெறுங்கையோடு பிணம் எடுத்தார்கள் என்பது அப்போதே செய்திகளில் வந்தது. ராணுவமும் தொண்டர்களும் உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தொண்டர் தானாக வந்தார், இவர் ஏற்றிக்கொண்டு வரப்பட்டார். தொண்டருக்குப் பாராட்டு விழா நடந்தது, இவருக்கு அது 'டியூட்டி' ஆனது.

அடுத்தது முகாம். உயிர் தப்பி ஓடி வந்த தலித் குடும்பங்கள் சில முகாம்களில் மற்றவர்களோடு தங்கவிடாமல் ஒதுக்கப்பட்டார்கள். ஐ.நா.வின் யுனிசெஃப் வைத்த குடிநீர்த் தொட்டியில் தலித்துகள் தண்ணீர் பிடித்தால் தீட்டு என்று தடுத்தார்கள். இதை உலகப் பத்திரிகைகள் எழுதின. 2005 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை நிவாரணத்தில் தலித்துகள் மீது காட்டப்பட்ட பாகுபாட்டைப் பதிவு செய்தது. தலித் மனித உரிமைக்கான தேசியப் பிரச்சார அமைப்பு கிராமம் கிராமமாகப் போய் எழுதியது. அண்ணல் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது 1927இல். 77 ஆண்டு கழித்து, கடலே ஊருக்குள் வந்து எல்லோரையும் ஒரே தண்ணீரில் முக்கி எடுத்த பிறகும், குடிதண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் தீட்டு மிச்சமிருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கரையில் அதிகம் செத்தது மீனவ மக்கள். பிள்ளைகளை இழந்த அவர்களின் துயரத்துக்கு எதிராக நம் துயரத்தை நிறுத்தி எடை போடுவது நம் வேலை இல்லை. அப்படிப் பேசும் தோழர்களோடு எங்களுக்கு உடன்பாடும் இல்லை. நம் கேள்வி அரசைப் பார்த்து. 'பாதிக்கப்பட்டவர்' என்றால் யார்?

அரசின் படிவம் அதற்கு ஒரு விடை வைத்திருந்தது. செத்தவரின் வாரிசுக்கு மாநில அரசு ஒரு லட்சம், மத்திய அரசு ஒரு லட்சம். படகு வைத்திருந்தவருக்குப் படகு, வலை வைத்திருந்தவருக்கு வலை, வீட்டுக்குக் கணக்கு, நிலத்துக்குக் கணக்கு. நல்லது. படகே இல்லாமல் உப்பனாற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளருக்கு எந்த வரிசை? ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக ஊருக்குள் விற்றுவந்த பெண்ணுக்கு? வேதாரண்யம் உப்பளத்தில் தினக்கூலிக்கு உப்பு வாரியவருக்கு? உப்பேறிய வயலுக்குக் கிடைக்கும் இழப்பீடு நிலத்துக்காரருக்குப் போகும். அந்த வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய சேரிக்கு அடுத்த போகமும் வேலை இல்லை, அதற்கடுத்த போகமும் சந்தேகம். கூலி போனதை எந்த அதிகாரி வந்து அளப்பார்? இழப்பதற்குப் பொருள் இருந்தவருக்குத்தான் இழப்பு உண்டு என்று படிவம் சொன்னது. தலைமுறை தலைமுறையாக ஒரு பொருளும் சேரவிடாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு 'உனக்கு என்ன போச்சு?' என்று கேட்பது எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

அது எந்த மாவட்டம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கீழ்வெண்மணி இருக்கும் மாவட்டம். 1968 டிசம்பர் 25இல் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட மண். சுனாமி வந்தது வெண்மணி நாளுக்கு மறுநாள். முதல்நாள் நினைவிடத்துக்குப் போய் வந்த விவசாயக் கூலிகளின் பிள்ளைகள்தான் மறுநாள் படிவத்தில் இடமில்லாமல் நின்றவர்கள்.

சரி, பைக்காராவில் உட்கார்ந்துகொண்டு ஏன் சுனாமியைப் பேச வேண்டும்? நாம் கடலிலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இதைத்தான் அவளுடைய தம்பி கேட்டான்: "நம்ம அணையில சுனாமி வருமா?" எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை அது. இத்தாலியில் வயோந்த் என்ற அணையில், 1963 அக்டோபர் 9 இரவு, பக்கத்து மலைச்சரிவு ஏறத்தாழ 26 கோடி கனமீட்டர் மண்ணும் பாறையுமாக ஏரிக்குள் விழுந்தது. ஏரி அலையாக எழுந்து அணையைத் தாண்டிக் குதித்தது. கீழே லொங்காரோனே என்ற ஊர் அழிந்தது. ஏறத்தாழ 2000 பேர் செத்தார்கள். அணை இன்றும் நிற்கிறது! மலை அசைகிறது என்று அங்கிருந்த மலைவாழ் மக்கள் முன்பே சொன்னார்கள். அதை எழுதிய டீனா மெர்லின் என்ற பெண் பத்திரிகையாளர் மீது பொய்ச் செய்தி பரப்புவதாக வழக்குப் போட்டார்கள். அவர் விடுதலையான மூன்றாம் ஆண்டில் மலை விழுந்தது.

நம் பைக்காரா அணைக்கு ஆபத்து என்று நாங்கள் சொல்வதாக யாரும் வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம். இந்த அணையும் மின்நிலையமும் வந்து தொண்ணூறு ஆண்டாகிறது. மின்சாரம் 1932இலேயே சமவெளிக்குப் போய்விட்டது. நாங்கள் சொல்வது வேறு. மலையில் அலை மண்ணாக வரும். 2009 நவம்பரில் இதே நீலகிரியில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணோடு போயின. சாலியாறு உடல்களை நிலம்பூர்வரை அடித்துக்கொண்டு போனது. காரணங்களை வகுப்பில் படிக்கலாம்: மழை, சரிவு, சோலை அழிந்த மலை, வெட்டிய சாலை. விளைவுக்கு வந்தால் நாகப்பட்டினத்துப் படிவம் இங்கேயும் தயாராக இருக்கிறது.

இரண்டே சான்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்து லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர். பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கத்துக் கயத்தாறிலிருந்து போன தமிழ்க் கூலிக் குடும்பங்கள், அதில் பெரும்பாலோர் தலித்துகள். மறுநாள் மாலை கரிப்பூரில் விமானம் விழுந்து 21 பேர் இறந்தார்கள். இரண்டும் துயரம். கேரள அரசு விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது, லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம். முதலமைச்சர் கரிப்பூருக்கு மறுநாளே போனார். பெட்டிமுடிக்கு ஒரு வாரம் கழித்து வந்தார். பெம்பிளை ஒருமைப் போராட்டத்தில் முன் நின்ற கோமதி அக்கா சாலையில் உட்கார்ந்து கேட்டதும் இதைத்தான். இடதுசாரி அரசு என்பதால் இதைச் சொல்லத் தயங்கும் தோழர்கள் உண்டு. எங்களுக்குத் தயக்கம் இல்லை.

இன்னொன்று நம் மலையடிவாரத்தில். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் தலித் குடியிருப்பை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பியிருந்த இருபது அடிச் சுற்றுச்சுவர் மழையில் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். ஆபத்து என்று அந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பத்திரிகைகள் 'கனமழைக்கு 17 பேர் பலி' என்று எழுதின. மழைக்கு யாரும் சாகவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்களைப் பார்க்கக்கூடாது என்று கட்டிய சுவருக்குச் செத்தார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள் மேல் தடியடி நடந்தது, தலைவர்கள் சிறைக்குப் போனார்கள்.

நீலகிரியிலும் சரிவின் கீழே இருப்பது யார்? லைன் வீடுகளில் இருப்பவர்கள். ஓடையோரம் குடிசை போட்டவர்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த, அரசு ஆவணத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வாங்கிய குடும்பங்கள். இந்தச் சாலையிலேயே கீழே இறங்கினால் கூடலூரில் பிரிவு 17 நிலம். 1969 சட்டத்துக்குப் பிறகும் முடிவு தெரியாமல் தொங்கும் நிலம். பட்டா இல்லை, மின் இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் போராட்டம். அங்கே மண் சரிந்து வீடு போனால், வருகிற அதிகாரியின் முதல் கேள்வி 'யாருக்கு அடிபட்டது' என்பதாக இருக்காது, 'பட்டா எங்கே' என்பதாகத்தான் இருக்கும். எங்கள் ஆட்களுக்கே நடந்தது. கூரை சரிந்த ஒரு பெரியம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். 'புறம்போக்குல கட்டுனா மலை சும்மா இருக்குமா' என்றார்கள். மலைக்கு வருவாய்த்துறைப் பதிவேடு வாசிக்கத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தோம்.

இனி சட்டம். இதை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றதை விட்டாலும். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 2005 டிசம்பர் 23, சுனாமியின் முதலாண்டு நினைவுக்கு மூன்று நாள் முன்பு. அதன் பிரிவு 61 சொல்கிறது: இழப்பீடும் நிவாரணமும் தருவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்ற அடிப்படையில் பாகுபாடு கூடாது. 'சாதி' என்ற சொல் அதில் இருக்கிறது. நாடாளுமன்றம் எழுதி வைத்த வார்த்தையைத்தான் நம் பிள்ளை விடைத்தாளில் எழுதினாள். பாடத்தில் இல்லாதது சட்டத்தில் இருக்கிறது! பொதுத் தண்ணீரைத் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் பிரிவு 61 'பாகுபாடு கூடாது' என்கிறதே தவிர, பாகுபாடு நடந்ததை யார் எப்படிக் காட்டுவது என்று சொல்லவில்லை. காட்ட வேண்டியது நாம்தான். பட்டியலில் பெயர் விடுபட்டது என்று நிரூபிக்க, நம்மிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். நாகையில் கிராமம் கிராமமாகப் போய் எழுதியவர்கள் எல்லாம் முடிந்த பிறகு எழுதினார்கள். நாம் மழைக்கு முன்பே எழுத வேண்டும்.

ஆகவே படிப்பகத்தில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். வீட்டில் எத்தனை பேர், அதில் படுத்த படுக்கையாக யார், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா. ரேஷன் அட்டை எண் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை. பட்டா, வாடகை, தோட்டத்து வீடு, ஒன்றுமில்லை, இதில் எது. தினக்கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை. வீட்டுக்குப் பின்னால் சரிவா, சுவரா, ஓடையா. விரிசல் இருந்தால் கைபேசியில் படம், தேதியோடு. மழை கொட்டினால் எந்தக் கட்டடத்துக்கு ஓடுவது, அதன் சாவி யாரிடம், அவர் நமக்குத் திறப்பாரா. கடைசிக் கேள்வியை எழுதும்போது பெரியவர்கள் சிரிக்கிறார்கள், பிறகு யோசித்து ஒரு பெயர் சொல்கிறார்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சாதியைக் கேட்டு எழுதுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நிவாரணத்தில் அது பார்க்கப்படும்வரை நாம் எழுதத்தான் வேண்டும். நோட்டை மூன்று படி எடுப்போம். ஒன்று படிப்பகத்தில், ஒன்று வழக்கறிஞர் தோழரிடம், ஒன்று மனுவோடு சேர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு.

இதுவரை 31 வீடு முடிந்திருக்கிறது. நடுவட்டம் பக்கமும் கூடலூர்ச் சாலையோரமும் ஆள் போதவில்லை. கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வருகிற தோழர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்துக்கு வாருங்கள். ஸ்வெட்டரும் குடையும் எடுத்து வாருங்கள், நோட்டு நாங்கள் தருகிறோம். முதல் பக்கத்தை அந்தப் பிள்ளைதான் எழுதினாள், தாத்தாவின் மகள் வீட்டுப் பக்கம். 'தொழில்' என்ற இடத்தில் அவரிடம் கேட்டாள். "ஓய்வு பெற்ற தூய்மைப் பணியாளர்னு எழுது கண்ணு" என்றார். "அடைப்புக்குறியில நாகப்பட்டினம்னு போட்டுக்கோ."